அரைமண்டியும் அடக்கமும்

“காலைச் சேர்த்து உட்காரு.” நம் வீடுகளில் பெண் குழந்தைக்கு நடக்கும் முதல் உடற்பயிற்சி வகுப்பு இதுதான். சத்தமாகச் சிரிக்காதே, தொம் தொம் என்று நடக்காதே, குனியும்போது கழுத்தில் கை வை, வாசற்படியில் நிற்காதே என்று பாடத்திட்டம் வயதோடு வளரும். அதே வீடு, மாலையானால் அதே குழந்தையை நடன வகுப்பில் கொண்டுபோய் விடும். அங்கே டீச்சர் தட்டுக்கழியால் மனையில் தட்டிக்கொண்டே, “முட்டியை நல்லா விரி, இன்னும் உட்காரு, அரைமண்டி பத்தலை” என்பார். வீட்டில் ஒடுக்கச் சொன்ன முட்டியை வகுப்பில் விரிக்கச் சொல்கிறார்கள். ஒன்றுக்குத் திட்டு, மற்றதற்கு மாதச் சம்பளம். இரண்டையும் கொடுப்பது ஒரே அம்மா.

இதை யாரும் முரண்பாடாகப் பார்ப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. வகுப்பறைக்குள், குருவின் கண்முன், தாளத்துக்கு உட்பட்டு என்று அந்த அனுமதிக்கு முன்பே எல்லை கட்டியாயிற்று. ஆட்டம், நடை, யோகம், பறை, சிலம்பம் என உடம்பை முதலாகக் கொண்ட பயிற்சிகள் பெண்ணுக்குப் படைப்பின் கதவைத் திறக்குமா என்ற கேள்வி இன்று பல நாடுகளில் பேசப்படுகிறது. திறக்கும் என்றே பெரும்பாலும் பதில் வருகிறது. எனக்கு அவ்வளவு நேராகத் தெரியவில்லை. பயிற்சி உடம்பைத் தயார்செய்யும். ஆனால் அந்த உடம்பு எதைச் சொல்லலாம் என்று முடிவுசெய்யும் உரிமை வேறொருவர் கையில் இருக்கும்வரை, அது நன்றாகப் பழக்கப்பட்ட உடம்பு, அவ்வளவே.

1980இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மரியன் யங், சிறுமிகள் பந்து எறிவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எறியும்போது கை மட்டும் அசைகிறது. இடுப்பு திரும்புவதில்லை, கால் முன்னே வருவதில்லை. வலு குறைவு என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது என்றார் அவர். தன்னைச் சுற்றியுள்ள வெளி தனக்கு உரியதல்ல என்று அந்த உடம்பு பாடம் படித்து வைத்திருக்கிறது. காரியத்தில் பாதிக் கவனம். காரியம் செய்கையில் தான் எப்படித் தெரிகிறோம் என்பதில் மீதிக் கவனம். மாராப்பைச் சரிசெய்துகொண்டே பேருந்தில் ஏறும் எவருக்கும் இதற்குத் தத்துவ விளக்கம் தேவையில்லை.

அந்த மீதிக் கவனத்தை மீட்பதுதான் இந்தப் பயிற்சிகள் செய்யும் முதல் வேலை. 1950களில் கலிஃபோர்னியாவில் மேரி ஸ்டார்க்ஸ் வைட்ஹவுஸ் என்ற நடனக்காரர் ஒரு முறையை உருவாக்கினார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இசை கிடையாது, கற்றுத்தந்த அடவு கிடையாது. உடம்பு தானாக எப்போது அசைய விரும்புகிறதோ அதுவரை காத்திருக்க வேண்டும். ஜெர்மனியில் மேரி விக்மனிடம் ஆட்டம் கற்றவர் அவர். கார்ல் யுங்கின் உளவியலில் ஊறியவர். நான் அசைவது ஒன்று, அசைவு என்னைக் கொண்டுபோவது இன்னொன்று என்பது அவர் கண்ட வேறுபாடு. கோயில் கொடையில் சாமியாடும் பெண்ணைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஊர்ப் பெரியவர்களையே “ஏண்டா” என்று அதட்டுவாள் அவள். அவர்களும் கைகட்டி நின்று திருநீறு வாங்குவார்கள். மறுநாள் காலை அவள் அவர்கள் வீட்டு வாசல் கூட்டப் போவாள். அம்மன் பேரில் வந்த வாக்குக்கு அவள் பேரில் கணக்கு இல்லை.

அமெரிக்கக் கதை வேறு வழியில் போனது. மேரியன் சேஸ் 1940களில் வாஷிங்டனில் மனநல மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளோடு ஆடத் தொடங்கினார். நடனச் சிகிச்சை என்ற துறை அதிலிருந்து பிறந்தது. நடனக்காரர் அன்னா ஹால்பிரின் தன் மாணவர்களிடம் முதலில் தம்மையே படமாக வரையச் சொல்வார். பிறகு வரைந்ததை ஆடச் சொல்வார். 1972இல் அவர் வரைந்த தன் உருவத்தில் இடுப்புப் பகுதியில் ஒரு திரள் வந்து நின்றது. அதை ஆட அவருக்கு மனம் வரவில்லை. மருத்துவரிடம் போனார், புற்றுநோய். பிறகு அதையே ஆடினார். 101 வயதை நெருங்கும்வரை வாழ்ந்து, 2021இல் மறைந்தார். ஆட்டம் நோயைத் தீர்த்தது என்று இதிலிருந்து யாரும் கிளம்பிவிட வேண்டாம், மருத்துவமும் நடந்தது. கையும் காலும் அறிந்த ஒன்று வாய்க்கு வருமுன் கோட்டுக்கு வந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இந்தியாவில் இதைச் சமூகப் பணியாக மாற்றியவர் சோஹினி சக்ரவர்த்தி. அவர் 2004இல் தொடங்கிய கொல்கத்தா சன்வேத் என்ற அமைப்பு, ஆள்கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களோடு ஆட்டத்தின் வழியாக வேலை செய்கிறது. விற்கப்பட்ட உடம்பை மறுபடி தன்னுடையது என்று உணர, பேச்சு மட்டும் போதாது என்பது அதன் அடிப்படை. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது காவல் நிலையத்தின் முறை. மூச்சையும் காலடியையும் கொண்டு தொடங்கினால், சொல்ல விரும்பாததைச் சொல்லாமலே ஒரு பெண் ஒன்றை உருவாக்க முடிகிறது. அங்கே பயின்ற பெண்கள் சிலர் பிறகு பயிற்றுநர்கள் ஆனார்கள். நடன வகுப்புகள் பலவற்றில் நடக்காத காரியம் அது.

ஆய்வகச் சான்று வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. 2014இல் ஸ்டான்ஃபோர்டில் மேரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 176 பேரைக் கொண்டு சோதித்தார்கள். நடக்கும்போது புதிய யோசனைகள் தோன்றுவது, உட்கார்ந்திருப்பதைவிடச் சராசரியாக 60 விழுக்காடு கூடியது. வெற்றுச் சுவரைப் பார்த்து ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. ஆக மரம், கடல், காற்று எல்லாம் உபரி, நடையே போதும். ஆனால் நம் ஊரில் காரணமில்லாமல் நடக்கும் பெண் யார்? பாலுக்கு, பள்ளிக்கு, சர்க்கரைக்கு என்று ஒவ்வொரு நடைக்கும் ஒரு காரணச் சீட்டு கையில் வேண்டும். மும்பையில் ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் வெளியிட்ட நூல், பெண்கள் வெறுமனே தெருவில் சுற்றும் உரிமையைக் கேட்டது. வேலை இல்லாமல் நிற்பதற்கான உரிமை! எழுதுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய மானியம் கிடையாது.

யோக வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1930களின் இறுதியில் மைசூரில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சார்யா, இந்திரா தேவி என்ற பெண்ணைச் சேர்த்துக்கொள்ளவே தயங்கினார். இன்று வகுப்பை நிரப்புகிறவர்கள் பெண்கள்தான். ஆனால் அங்கே வருவதற்குச் சொல்லப்படும் காரணங்களைக் கேளுங்கள்: முட்டி வலி, தைராய்டு, தூக்கமின்மை. உடம்பைப் பழுதுபார்க்க அனுமதி உண்டு. நல்ல காரியம்தான், நம் பேச்சு அதுவல்ல.

இனி நம் பக்கத்து வயலுக்கு வருவோம். நடவில் பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகர்கிறார்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். தாளத்துக்குக் கருவி இல்லை. நாற்று சேற்றில் இறங்கும் கைதான் தாளம். முதுகு ஒடியும் வேலை அது. அழகு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அந்த வலியை ஏமாற்றத்தான் பாட்டு. ஆனால் பாட்டுக்குள் பண்ணையாரின் கஞ்சத்தனமும் கங்காணியின் நோட்டமும் வந்து விழும். வரப்பில் நிற்பவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நடவு இயந்திரம் இறங்கிய வயல்களில் முதுகு நிமிர்ந்தது, பாட்டும் போனது. இதில் எதற்கு வருந்துவது என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

கும்மிக்கு வேறு ஒரு சூட்சுமம் உண்டு. வட்டமாக நின்று உள்ளே பார்த்து அடிப்பது கும்மி. வெளியே நிற்பவனுக்குத் தெரிவது முதுகு. மேடை ஆட்டத்தில் பெண் ஒரு திசையில் இருப்பவர்களுக்காகத் தன்னைக் காட்டுகிறாள். கும்மியில் அவள் பார்ப்பதும் பெண், அவளைப் பார்ப்பதும் பெண். யங் சொன்ன அந்த மீதிக் கவனம் இங்கே செல்லுபடியாகாது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்கு ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டி வட்டத்தில் நிறுத்துகிறார்கள். உடம்பே சுரம், வட்டமே யாழ். மதுரையில் கோவலன் கொலைப்பட்ட நாளில், கெட்ட நிமித்தங்களைக் கண்டு ஆயர் பெண்கள் செய்த காரியம் அந்த ஆட்டம்.

எல்லாவற்றிலும் செறிவானது ஒப்பாரி என்பேன். பெண்கள் கட்டிப்பிடித்து, தலையோடு தலை சேர்த்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே அழுகிறார்கள். சில ஊர்களில் சுற்றி நின்று மாரடிக்கிறார்கள். அந்த ஆட்டம் இல்லாமல் ஒப்பாரி இல்லை. உடம்பின் ஊசல்தான் அடியின் நீளத்தை முடிவுசெய்கிறது. மோனையும் எதுகையும் அதில் தானாக வந்து கோத்துக்கொள்கின்றன. புதிதாக இழவுக்கு வந்தவள் அந்தக் கட்டுக்குள் நுழைந்த நொடியில் அவளுக்கும் அடி வருகிறது. அழுவது யாருக்காக? இசபெல் கிளார்க்-டெசே தமிழகத்தில் இழவு வீடுகளைப் பற்றிக் கள ஆய்வு செய்து 2005இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, செத்தவர்களுக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருளுடையது. சீர் செய்யாத அண்ணன், குடிக்கிற புருஷன், பிள்ளையில்லாத வயிறு எல்லாம் பிணத்தின் பேரில் பாட்டாகின்றன. எழுத்தறிவு இல்லாத ஒருத்தி, ஒத்திகை இல்லாமல், ஊர் கேட்க, தன் வாழ்க்கையைச் செய்யுளாக்குகிறாள். அதற்குத் தேவைப்பட்டது அணைத்துக்கொள்ள இன்னொரு உடம்பும், தடுக்க முடியாத ஒரு சந்தர்ப்பமும். சாவு வீட்டில் யாரும் “வாயை மூடு” என்று சொல்ல முடியாது.

சரி, முறையாகப் பயின்ற உடம்பின் கதை என்ன? இதற்கும் சிலம்பு ஒரு கதை வைத்திருக்கிறது. மேற்கத்தியத் தத்துவக்காரர்கள் எவரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது என் துணிபு. ஏழாண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் மாதவி அரங்கேறுகிறாள். மேடையின் அளவு, திரைகள், தூணின் நிழல் விழாத விளக்கு அமைப்பு என்று எல்லாம் நூல்படி நடக்கிறது. அரசன் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் தருகிறான். கொஞ்ச காலம் கழித்துக் கடற்கரையில், கோவலன் யாழெடுத்து வேறொருத்தியை நினைப்பவன்போலப் பாடுகிறான். மாதவி யாழை வாங்கி, தானும் வேறொருவனை நினைப்பவள்போலப் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். அரசவையில் நூல்படி ஆடியதற்குப் பொன். கடற்கரையில் தன் குறிப்புப்படி பாடியதற்குப் பிரிவு. அவன் பாடியதும் அதே விளையாட்டுத்தான் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மாதவியின் வழிவந்தவர் என்று சொல்லத்தக்க ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சையில், பிரதாபசிம்மன் அரசவையில் இருந்த முத்துப்பழனி. ஆட்டமும் பாட்டும் கற்றவர். தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற காவியம் எழுதினார். அதில் ஆசையை வெளிப்படையாகச் சொல்பவள் ராதை. 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள், தானும் அதே மரபில் வந்தவர், அதை முழுமையாகப் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே அரசு தடை செய்தது; தடை நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குலப்பெண்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்த காலத்தில், ஆடும் பெண்களுக்குத்தான் ஏடும் எழுத்தாணியும் கிடைத்தன. உடற்பயிற்சியும் மொழிப்பயிற்சியும் ஒரே உடம்பில் கூடியபோது காவியம் பிறந்தது.

அந்தக் கூட்டு உடைந்த கதை நமக்குத் தெரிந்ததே. ஆனால் அரைகுறையாகத் தெரிந்தது. 1947இல் சென்னை மாகாணம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைச் சட்டத்தால் ஒழித்தது. அதற்காக வாழ்நாளெல்லாம் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் தாயும், 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்தச் சூழலை உள்ளிருந்து அறிந்தவர்கள். கலை என்ற பட்டுத்திரைக்குப் பின்னால் சிறுமிகளின் வாழ்வு ஏலம் போனதை அவர்கள் பார்த்திருந்தார்கள். அவர்கள் சொன்னது உண்மை. அதே நேரத்தில், தலைமுறை தலைமுறையாகத் தன் உடம்பால் சிந்தித்துவந்த பெண்கள் கூட்டம் ஒன்று மேடையிலிருந்து இறக்கப்பட்டது என்பதும் உண்மை. அந்தக் குடும்பங்களின் ஆண்கள் நட்டுவனார்களாகத் தொடர்ந்தார்கள். பெண்கள் சலங்கையை ஒளித்துவைத்தார்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாளிடம் ருக்மிணி தேவியும் கற்றார், பாலசரஸ்வதியும் கற்றார். கௌரி அம்மாள் 1971இல் வறுமையில் மறைந்தார். அந்த மரபின் இசை வேளாளர் குடும்பத்திலிருந்து வந்து இன்று ஆடியும் எழுதியும் வரும் நிருத்யா பிள்ளை, இப்படிக் கலை கைமாறியதைச் சாதியின் பெயரைச் சொல்லியே பேசுகிறார். அந்தப் பேச்சு பலருக்குக் கசக்கிறது. கசந்தால் சரியான இடத்தில்தான் பட்டிருக்கிறது.

ருக்மிணி தேவி 1935 இறுதியில் அடையாறு தியாசபிகல் சொசைட்டியில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரம் வந்தது. அவர் செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது: ‘நல்ல குடும்பத்துப்’ பெண்ணின் முட்டி விரியலாம் என்று ஆக்கியவர் அவர், ஆண்கள் கையில் இருந்த நட்டுவாங்கத்தைப் பெண்கள் கைக்குக் கொண்டுவந்தார். விலையாகச் சிருங்காரத்தை வடிகட்டினார். பாலசரஸ்வதி இதை ஒப்பவே இல்லை. சிருங்காரம்தான் உயிர், அதைத் தூய்மைப்படுத்த நீங்கள் யார் என்பது அவர் கட்சி. 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் அரங்கேறியவர். வீணை தனம்மாளின் பேத்தி. கந்தப்ப பிள்ளையின் கண்டிப்பில் வளர்ந்தவர். ஒரு பதத்தின் ஒரே வரியை எடுத்துக்கொண்டு, தானே பாடிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் புதிய பொருள் காட்டுவார். முன்கூட்டித் தீர்மானித்த கைகள் அல்ல அவை. பாடகிக்கு நிரவல் எப்படியோ அப்படி அவருக்கு அபிநயம். கடுமையான பயிற்சியும் அந்த நொடியின் சுதந்திரமும் ஒன்றையொன்று பகைக்காது என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அவருக்கு அந்தச் சுதந்திரத்தைத் தந்தது, பாட்டி, அம்மா என்று பெண்களே கலையின் நடுவர்களாக இருந்த ஒரு வீடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சந்திரலேகாவுக்கு அப்படி ஒரு வீடு இல்லை, அவர் கட்டிக்கொண்டார். 1928இல் மகாராஷ்டிரத்தில் குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுச் சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் கற்றார். 1952இல் அரங்கேற்றம். ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி அது. ‘மதுரா நகரிலோ’ ஆடிக்கொண்டிருந்தார். யமுனையில் தோழிகள் நீராடி விளையாடும் கட்டம். கை தண்ணீரை வாரி இறைக்கிறது. மனதில் வெடித்த நிலம் வந்து நிற்கிறது. யாருக்காக நிதி திரட்டுகிறோமோ அவர்களுக்கு இல்லாத தண்ணீரை அபிநயத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வு அவரை அன்றே உறையவைத்தது. பிறகும் சில காலம் ஆடினார். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. மேடையை விட்டு விலகினார். கவிதை எழுதினார், சுவரொட்டி வரைந்தார், பெண்கள் இயக்கத்தில் வேலை செய்தார். 1982இல் அவர்மீதும் அவரோடு சேர்ந்து இயங்கிய சதானந்த் மேனன்மீதும் தேசத்துரோக வழக்கு பாய்ந்தது.

1985இல் ‘அங்கிகா’வோடு திரும்பி வந்தார். நகை இல்லை, பூ இல்லை, காத்திருக்கும் நாயகி இல்லை, கடவுள் இல்லை. பரதத்தின் அடவும் களரிப்பயட்டும் யோகமும் ஒரே முதுகெலும்பிலிருந்து கிளைப்பதை அவர் காட்டினார். 1989இல் பாஸ்கராச்சாரியாரின் கணக்குப் புத்தகமான ‘லீலாவதி’யை ஆட வைத்தார். அரைமண்டியை மற்றவர்கள் ஓர் அடவுக்கும் அடுத்த அடவுக்கும் நடுவே உள்ள நிலையாகக் கடந்துபோனார்கள். அவர் அதில் நிமிடக்கணக்கில் நிற்கவைத்தார். பார்ப்பவருக்கே தொடை நடுங்கும். ‘ஸ்ரீ’யில் பெண்கள் முதுகு வளைந்து, தலை தொங்க, மேடை நெடுக நடந்தார்கள். வரலாறு முழுக்க வளைந்த முதுகு, வேறு விளக்கம் தேவையில்லை. பிறகு அதே முதுகுகள் நிமிர்ந்தன.

2001இல் வந்த ‘சரீரா’ அவருடைய கடைசிப் பெரிய படைப்பு. குந்தேச்சா சகோதரர்களின் துருபத்துக்கு, ஒரு பெண் நொடி நொடியாகத் தன் கால்களை விரித்து முக்கோணமாக்குகிறாள். அவசரம் இல்லை, வெட்கம் இல்லை, அழைப்பும் இல்லை. “காலைச் சேர்த்து உட்காரு” என்று கேட்டு வளர்ந்த ஒருத்தி அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு மூச்சு வாங்கியிருக்கும். ஆபாசம் என்றவர்கள் இருந்தார்கள். கோபுரச் சிற்பங்களுக்குக் கீழே நின்று தேங்காய் உடைப்பவர்கள்தான் அவர்களும்.

அந்த ‘சரீரா’வில் பிறகு பல்லாண்டு ஆடியவர் திஷானி தோஷி. சென்னையில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதும் கவிஞர். இருபதுகளின் நடுவில், முறையான நடனப் பின்னணி இல்லாமல், பெசன்ட் நகரில் சந்திரலேகாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். 2006இல் வந்த அவருடைய முதல் கவிதைத் தொகுப்புக்கு இங்கிலாந்தின் ஃபார்வர்ட் பரிசு கிடைத்தது. தொகுப்பின் தலைப்பிலேயே உடம்பு இருக்கிறது. பிறகு தன் கவிதையையே மேடையில் ஆடினார். உடற்பயிற்சி எழுத்துக்கு எப்படி உதவும் என்று கேட்பவர்களுக்கு இவரைக் காட்டலாம்: ஒரு நிலையில் நெடுநேரம் நிற்கப் பழகியவருக்கு, ஒரு வரியில் நெடுநேரம் நிற்கவும் வருகிறது.

ஒரு நெருடலையும் சொல்ல வேண்டும். சந்திரலேகாவின் படைப்புகளில் ஆடிய பெண்கள் யாருடைய கூற்றை ஆடினார்கள்? சந்திரலேகாவுடையதை. வேதியியல் படித்துவிட்டு வந்து பத்தாண்டு அவரோடு ஆடிய பத்மினி செட்டூர், தன் மொழியைக் கண்டுபிடிக்கத் தனியே போக வேண்டியிருந்தது. குரு ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், புரட்சிக்காரராகவே இருந்தாலும், ஒருநாள் அவரை விட்டு இறங்கிப் போகாமல் முடியாது போலிருக்கிறது. போக முடியாதபடி கட்டிவைக்கும் மரபில் என்ன நடக்கும் என்பதை 2023இல் சென்னையில் ஒரு நடனக் கல்லூரியின் மாணவிகள் போராட்டத்தில் இறங்கிச் சொன்னார்கள். ஆசிரியர்கள் சிலர் பாலியல் தொல்லை தந்தார்கள் என்பது அவர்கள் முறையீடு. திருத்துகிறேன் என்று உடம்பைத் தொடும் கையை, எது திருத்தம் எது அத்துமீறல் என்று கேட்க வழியில்லாத இடத்தில்தான் அது நடக்கும்.

செவ்வியல் மேடைக்கு வெளியே மாற்றம் இன்னும் வேகமாக நடந்தது. திண்டுக்கல்லில் 1990இல் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில் தலித் பெண்கள் பறை அடிக்கிறார்கள். இழவுக்கு அடிக்கும் தோல் என்று சாதி ஒதுக்கிய கருவி. அதிலும் பெண் தொடக் கூடாது என்று வீடு ஒதுக்கிய கருவி. தீயில் காய்ச்சி, தோளில் மாட்டி, காலை அகட்டி நின்று, இரண்டு குச்சியாலும் அடித்துக்கொண்டே சுழல வேண்டும். தலை குனிந்துகொண்டு பறை அடிக்க முடியாது. முயன்று பாருங்கள், அடி செத்துப்போகும். கருவியே நிமிரச் சொல்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் தொடங்கிய குருகுலத்தில் சிறுமிகளும் சேர்ந்தார்கள். அதுவரை பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய கூத்தில், பெண்கள் தோளில் கட்டை பூட்டி ராஜ வேடம் கட்டினார்கள். மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ், தஞ்சையில் கிட்டப்பா பிள்ளையிடம் கற்று, நாயகி பாவத்தைத் தன் தனிப்புலமாக்கிக்கொண்டார், 2019இல் பத்மஸ்ரீ. பெண் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள ஊர் இடம் தராத காலத்தில், ஆட்டத்தில் அவருக்கு இடம் இருந்தது. நாடக இயக்குநர் அ. மங்கையின் நாடகங்களில் குலவையும் சடங்கும் கும்மியும் பெண்சிசுக் கொலையைப் பேசும் மொழியாயின.

இதையெல்லாம் அடுக்கிவிட்டு எல்லாம் சுபம் என்று முடித்துவிட ஆசைதான். வள்ளி கும்மி விடுவதில்லை. ஆண்கள் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுத்தந்த கோவைப் பக்கத்துப் பத்ரப்பன் ஆசிரியருக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது, நியாயமான மரியாதை. கொங்கு ஊர்களில் இன்று நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில், நள்ளிரவு தாண்டியும், கால் சலிக்காமல் ஆடுகிறார்கள். அறுபது வயதுக்காரர்களின் முகத்தில் அப்போது தெரியும் வெளிச்சம் பொய்யல்ல. அதே கும்மி மேடை ஒன்றில், சாதிக்குள்தான் மணம் முடிப்போம் என்று ஆடிய பெண்களை உறுதிமொழி எடுக்கவைத்த காணொளியும் பரவியது. உடம்பு அவர்களுடையது, வியர்வை அவர்களுடையது, ஒலிவாங்கி வேறொருவருடையது. குறவர் மகளைத் தேடிப்போன முருகன் கதையை ஆடி முடித்துவிட்டு எடுத்த உறுதிமொழி என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மறுபக்கச் சாட்சி ஒன்றும் உண்டு. துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்ட சல்மா, இரவில் கழிப்பறையில் ஒளிந்து கவிதை எழுதினார். நடையும் இல்லை, ஆட்டமும் இல்லை, சன்னல் மட்டும். அசையும் உடம்புதான் படைக்கும் என்று யாராவது சூத்திரம் எழுதினால் அதைக் கிழித்துப்போட இந்த ஒருவர் போதும். ஆனால் அவருடைய கவிதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: சுவர், படுக்கை, இரவு என்று அவை அடைபட்ட உடம்பின் அங்குலக் கணக்குகள். 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வந்தபோது, பெண் கவிஞர்கள் உடம்பை எழுதுவது பற்றி நடந்த சண்டை நினைவிருக்கலாம். மிரட்டல்வரை போனது. அந்தச் சண்டை முழுக்கச் சொல்லைப் பற்றியே நடந்தது. ஆடும் பெண்களும் எழுதும் பெண்களும் ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே உடம்பைப் பற்றி வேலை செய்துகொண்டிருந்தும், ஒரு சாரார் சபாவிலும் மறு சாரார் சிற்றிதழிலுமாக ஒருவரையொருவர் பார்க்காமலே போனார்கள். முத்துப்பழனியிடம் ஒன்றாக இருந்தது நம்மிடம் இரண்டு கூடாரம்.

அந்த மாலை வகுப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தட்டடவு, நாட்டடவு, அலாரிப்பு, ஜதிஸ்வரம் என்று பத்தாண்டு போகும். அரங்கேற்றத்துக்கு மண்டபம், பக்கவாத்தியம், பட்டு, பத்திரிகை, சாப்பாடு. ஒரு சிறு கல்யாணச் செலவு. பலருக்கு அதுவே முதலும் கடைசியும். புகைப்படம் கூடத்தில் மாட்டப்படும், சலங்கை பரணுக்குப் போகும். இந்தப் பத்தாண்டில் அவள் உடம்பு என்னென்னவோ கற்றிருக்கும். ஆனால் பெரும்பாலான வகுப்புகளில், ஒரே ஒரு நாள்கூட அவளிடம், “இன்னிக்கு நீயே ஒரு கோர்வை கட்டிட்டு வா, பார்க்கலாம்” என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் முதல் முறை சொதப்புவாள். இரண்டாவது முறை டீச்சருடையதைப் போலவே செய்வாள். மூன்றாவது முறை என்ன செய்வாள் என்று டீச்சருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.